பாடம் எடுக்காத டீச்சர்

என் மகள் டீச்சர். இதைச் சொல்லும்போது என் கழுத்து ஒரு விரற்கடை நீளும். "என்ன பாடம் எடுக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி வந்ததும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஏனென்றால் அவள் எந்தப் பாடமும் எடுப்பதில்லை. வகுப்பு கிடையாது, திருத்துவதற்கு நோட்டு கிடையாது. கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அவள் கவுன்சலிங் டீச்சர்.

முதலில் எனக்கே இது புரியவில்லை. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குப் போனவள். எங்களுக்கு வாத்தியார் என்றால் ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பிரம்பு. இரண்டும் இல்லாமல் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அவளை டீச்சர் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவரை எங்களுக்கு பிரிக்பீல்ட்ஸ்தான் ஊர். அவர் போன பிறகு கிள்ளானில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய்விடுவேன். சாமி கிள்ளானிலும் இருக்கிறது, எனக்குத் தெரியும். பேச்சுத் துணை அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வருவார். அவர்கள் குடும்பமே அரசாங்க உத்தியோகம். மகன் சுபாங் ஜெயாவில் இன்ஜினியர். அவர் ஒருநாள் பிரகாரத்தில் வைத்துக் கேட்டுவிட்டார்.

"உங்கட மகள் என்ன பாடம் படிப்பிக்கிறா?"

"கணக்கு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அப்பிடியோ! எங்கட பேரனுக்குக் கணக்குத்தான் ஓடுதில்லை. சனிக்கிழமையில அனுப்பட்டோ?"

"அனுப்பலாம். ஆனா அவ ரொம்பக் கண்டிப்புங்க. அடிச்சுப்புடுவா."

அந்த அம்மா பேரனை அனுப்பவில்லை. என் மகளைப் பற்றி இன்றுவரை பயந்துகொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக்கொண்டேன். "நெசமாச் சொல்லு. நீ அங்க என்னதான் பண்றே?"

"பிள்ளைங்க வருவாங்கம்மா. பேசுவாங்க. நான் உக்காந்து கேப்பேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு யூனிவர்சிட்டி போயி படிச்சியா? நான் பஸ் ஸ்டாப்புல தினமும் இதத்தானடி பண்றேன்."

"நீங்க பஸ் ஸ்டாப்புல கேக்கவே மாட்டீங்கம்மா. நீங்கதான் பேசுவீங்க."

எங்கே போய் இப்படிப் பேசக் கற்றுக்கொண்டாளோ.

ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் நாள் விழா. நானும் ஒட்டிக்கொண்டு போய் அவள் அறையைப் பார்த்தேன். ஒரு பக்கம் டிசிப்ளின் வாத்தியார் அறை, இன்னொரு பக்கம் உடைந்த நாற்காலி போடும் ஸ்டோர். நடுவில் இவள். அந்த அறைக்குள் ஒரு பிள்ளை நுழைவதை யாராவது பார்த்துவிட்டால் போதும், ஒன்று அது தப்பு செய்திருக்க வேண்டும், இல்லை அதற்குப் பைத்தியம் என்று சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். அதனால் யாரும் நேராக வருவதில்லை. ஸ்டேப்ளர் கேட்கத்தான் வருவார்கள். இவளும் மேசைமேல் எடுப்பாக ஒரு ஸ்டேப்ளரை வைத்திருக்கிறாள். ஒரு பெண் அதைக் கையில் பிடித்தபடி இரண்டு பாட நேரம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் டீச்சர்" என்று ஸ்டேப்ளரைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாளாம். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. யார், எதற்கு அழுதாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டாள். அதெல்லாம் அவள் வாயிலிருந்து வராது. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவே இல்லை.

இனி நான் சொல்லப் போவதும் அவள் சொன்னதில்லை. நானே கண்ணால் பார்த்தது. வீட்டையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். அது மகளின் உத்தரவு.

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அவள் போய்ப் பார்ப்பாள். தனியாகப் போகக் கூடாது என்பதால் துணைக்கு ஒரு வாத்தியார் உண்டு. ஆள் ஆறடி, தேக்குவாண்டோ சண்டை கற்றவர், ஆனால் நாய் என்றால் ஆகாது. மேரு பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் நாய் இல்லாத வீடு எது? இரண்டு முறை காரை விட்டு இறங்கவே இல்லையாம். மூன்றாவது முறை அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பெரிய டீச்சரிடம் கேட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப் போனாள்.

"காருக்குள்ளேயே இருங்க. உள்ள வந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

"நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

அவள் கியரைப் போட்டாள்.

ஃபார்ம் ஃபைவ் படிக்கும் பிள்ளையின் வீடு அது. எஸ்.பி.எம். பரீட்சை வருஷம். பல வாரமாக அவள் பள்ளிக்கு வரவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் போயாயிற்று. கடைசிக் கடிதம் ஆபீசில் தயாராக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் அவள் பள்ளியில் கால் வைக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பரீட்சை எழுத முடியாது, படிப்பு அதோடு சரி. நல்லாப் படிக்கிற பிள்ளை என்பது மட்டும் மகளின் வாயிலிருந்து கழன்று விழுந்தது.

கார் வெயிலில் வெந்தது. எவ்வளவு நேரம் உட்காருவது? தண்ணீர் கேட்பதுபோல உள்ளே போய்விட்டேன். வாசலில் பழுப்பு நாய் ஒன்று. அதை நான் ஒரு முறை பார்த்தேன், அது போய்ப் படுத்துக்கொண்டது.

உள்ளே ஹாலை ஒட்டி ஓர் அறை, கதவு சாத்தியிருந்தது. என் மகள் அந்தக் கதவுக்கு வெளியே தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கவர்மென்ட் டீச்சர்! இஸ்திரி போட்ட பாஜு கூரோங் உடுப்பு கசங்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "நீ பேசணும்னு ஒண்ணும் இல்ல." அதற்கப்புறம் அவளும் பேசவில்லை. உள்ளேயும் சத்தமில்லை. காற்றாடி மட்டும் மேலே கிறீச் கிறீச் என்று ஓடியது.

எனக்கு இந்த மாதிரி அமைதி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

பிள்ளையின் அம்மா எனக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். கையுறை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவள். நல்ல மனுஷி, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மெதுவான குரலில் நடந்ததைச் சொன்னாள். அவள் புருஷன் லோரி ஓட்டுபவர். நெஞ்சு வலி வந்து, ஆபரேஷன் வரைக்கும் போய், பிழைப்பாரா என்று டாக்டரே கையை விரித்த நேரத்தில் இவள் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள், மகளின் முடியைத் தருவதாக. அவர் எழுந்துவிட்டார். இப்போது ஜொகூருக்குக்கூட லோரி ஓட்டுகிறார். வேண்டுதலைத் தீர்க்க வேண்டுமல்லவா, மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் மொட்டை போட்டுவிட்டார்கள்.

"இடுப்புக்குக் கீழ தொங்கும் ஆன்டி அவ முடி. ஒரு வார்த்தை சொல்லல. அப்பாவுக்காகன்னு தலையக் குனிஞ்சு உக்காந்தா." சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. "ஸ்கூலுக்குப் போன மொத நாளே யாரோ வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. மலாய்ல மொட்டைன்னு, போத்தாக், போத்தாக்னு பாட்டு வேற. அன்னிக்கிக் கதவச் சாத்துனவதான். சாப்பாட்ட வச்சா எடுத்துக்கிறா. எங்கூடப் பேச்சு இல்ல."

மகள் கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கி வாயில் வைத்தேன். வாய் அடைத்திருந்தால் பேச்சு வராதல்லவா. ஆனால் பிஸ்கட் கரைந்துவிட்டது.

"ஏம்மா," என்றேன், "நெஞ்சு வலி வந்தது ஒம் புருஷனுக்கு. அப்ப ஒன் முடிய வேண்டிக்க வேண்டியதுதான? முருகன் வேணாம்னா சொல்லுவாரு?"

அந்தம்மாவின் முகம் கறுத்தது. "எந்தலையப் பாருங்க ஆன்டி! எலி வால் மாதிரி இருக்கு. இதப் போயி சாமிக்குக் குடுக்கவா? புருஷன் உசுரக் கேட்டுட்டு இதக் குடுத்தா சாமி என்ன நெனைக்கும்?"

"எலி வாலோ புலி வாலோ, ஒன்னோடதக் குடுக்கணும். பெத்த பிள்ளையோடத எடுத்துக் குடுத்துட்டு இப்ப பெருமையாச் சொல்றியே!"

"அம்மா!" என்றாள் என் மகள்.

அதற்குள் சாத்திய கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் பாய்ந்து வந்தது. "எங்கம்மாவப் பேச அந்தப் பாட்டி யாரு? போகச் சொல்லுங்க டீச்சர்!"

பல வாரம் கழித்து அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறாள், அதுவும் என்னைத் திட்டுவதற்கு. பாட்டி என்று வேறு சொல்கிறாள். எனக்கு இன்னும் பல் எல்லாம் சொந்தப் பல்.

அந்தம்மா எழுந்து நின்றாள். "டீச்சர், மன்னிச்சுக்குங்க. உங்கம்மாவக் கூட்டிட்டுப் போங்க. இனிமே வர வேணாம்."

அவள் கேட்டைச் சாத்திய சத்தத்தில் நாய்கூட எழுந்துவிட்டது.

காரில் மகள் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, வீட்டுக்குப் போவதற்குள் சரியாகியிருக்கும். மேரு ரோட்டில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

கடைசியில் நானே ஆரம்பித்தேன். "ஒண்ணு மட்டும் ஒத்துக்க. அந்தப் பிள்ளையப் பேச வச்சது நாந்தான்."

"அது உங்க வாயிம்மா. சாமர்த்தியம் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்லா."

"இல்லம்மா." காரை ஓரங்கட்டினாள். "அம்மாமேல அவ்வளவு கோவமா இருக்கிற பிள்ளை, வெளி ஆள் ஒருத்தர் அவங்கம்மாவப் பேசினதும் தாங்கல. அத நானும் கேட்டேன். நல்ல விஷயந்தான். ஆனா இப்ப அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிப் போறது? திங்கக்கெழம வரைக்குந்தான் இருக்கு."

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளே பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது.

"நாளைக்கு நீங்க வந்து அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

இதை அவள் சும்மா சொல்லிவிட்டாள். நான் செத்துப்போன என் மாமியாரிடம் கேட்டதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டதில்லை. ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரர் காலை மிதித்துவிட்டு, காலை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டவள் நான். ராத்திரி முழுக்கப் புரண்டு யோசித்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு வெறுங்கையோடு போவது. ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் கேட்டுக்கு மேலே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். அதனால் காலையில் மகளை ஜெஞ்சாரோம் வரைக்கும் காரை ஓட்ட வைத்து, அங்கே தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு முழுப் பலாப்பழம் வாங்கினேன். பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். அதைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நிற்கும் வயசான பொம்பளை முகத்தில் எந்தத் தமிழச்சியும் கேட்டைச் சாத்த மாட்டாள்.

அந்தம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள்.

"கனக்குதும்மா" என்றேன்.

கேட் திறந்தது.

பலாப்பழத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. அதை ஒருத்தி தனியாக வெட்டிச் சுளை எடுக்கக் கஷ்டம். ஹாலில் பேப்பரை விரித்து, கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பிசின் கையோடு யாரும் எழுந்து போகவும் முடியாது, விரலை நீட்டிச் சண்டை போடவும் முடியாது. என் மகள் போய் அந்தக் கதவோரத்தில் பழையபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள். கதவைப் பார்த்து, "நாந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

நான் கொஞ்ச நேரம் சுளை எடுத்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்ட விதம் இதுதான். "நேத்து நான் சரியாப் பாக்கலம்மா. ஒன் முடி அப்படி ஒண்ணும் மோசமில்ல."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாளென்று நினைத்தேன், அழுதுவிட்டாள். கண்ணைத் துடைக்க முடியாது, கையெல்லாம் பிசின். தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள்.

"எலி வாலுன்னு நான் சொன்னது சும்மா ஆன்டி. மொதல்ல எம்முடியத்தான் வேண்டிக்கப் போனேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. புருஷன் ஐ.சி.யூ.ல கெடக்குறாரு. பொஞ்சாதி தல மொட்டையா வார்டுக்கு வெளிய நின்னா பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? அவரு போயிட்டாருன்னுதான நெனைப்பாங்க? நெனைச்சுப் பாத்தாலே எனக்கு ஒடம்பு நடுங்கிருச்சு. நானே அதக் கூப்பிட்டு விட்ட மாதிரி ஆயிருமோன்னு. அந்தப் பயத்துலதான் பிள்ளையோட முடியச் சொன்னேன். இத எப்படி ஆன்டி அவகிட்ட சொல்றது? அவளுக்கு இதெல்லாம் என்ன புரியும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மகள் சாட்சி, அப்படி ஒன்று நடந்தது. அந்தப் பயம் எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் வெள்ளையில் பூப் போட்ட ஒரு நல்ல சேலையை நான் உடுத்தவே இல்லை. அலமாரியின் அடியில் மடித்துப் போட்டு, அதன்மேல் கம்பளியைப் போட்டு வைத்தேன். பார்க்கக்கூடப் பயம். நான் ஒளித்தது சேலை. இவளுக்கு ஒளிப்பதற்குத் தலைதான் இருந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு திரும்பினால், என் மகள் கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்! ஒரு பொம்பளை நெஞ்சைக் கிழித்துக் காட்டி அழுகிறாள், இவள் குனிந்த தலை நிமிராமல் டொக்கு டொக்கென்று தட்டுகிறாள். எனக்கு வந்ததே கோபம்.

"ஏண்டி, இதுக்குத்தான் கவர்மென்ட்டு சம்பளம் குடுக்குதா? அத மொதல்ல கீழ வையி!"

அவள் நிமிராமலே ஒரு விரலை உதட்டில் வைத்தாள். பிறகு மறுபடியும் தட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மெல்ல ஒரு 'டிங்' சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இந்தப் பக்கம் ஒரு 'டிங்'. அப்புறம் அந்தப் பக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் இரண்டு பேரும் அந்தக் கதவின் வழியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பொம்பளைகளும் பலாப்பழத்தோடு மல்லுக்கட்டிய சத்தம் அவர்களுக்கு நல்ல மறைப்பாகப் போயிருக்கிறது.

என்ன எழுதினாள் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன். ஒருநாள் அவள் குளிக்கும்போது போனைத் திறந்து பார்க்கவும் முயற்சி செய்தேன். ரகசிய எண் கேட்கிறது. இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டது.

பிள்ளை வெளியே வந்தாள். அப்பாவின் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். மெலிந்து, வெளுத்து, ஆனால் அம்மாவின் அதே மூக்கு. அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அந்தம்மா பிசின் கையைத் தூக்கினாள். கட்டிப்பிடிக்க வந்துவிட்டு, ஒட்டிக்கொள்ளுமே என்று அந்தரத்தில் நிறுத்திவிட்டாள்.

"சொன்னா நானே குடுத்திருப்பேன்ல" என்றாள் பிள்ளை. "இப்பவும் குடுத்தேன். ஆனா நீ என்னக் கேக்கவே இல்ல. எம்முடி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலம்மா. கேட்டிருக்கணும்" என்றாள் அந்தம்மா.

எனக்கு உடனே ஒன்று சொல்லத் தோன்றியது. நல்ல வார்த்தை, நாக்கு நுனியில் நின்றது. மகளின் கண்ணைப் பார்த்தேன். ஒரு முழுச் சுளையை எடுத்துக் கொட்டையோடு வாயில் திணித்துக்கொண்டேன்.

பிள்ளை கீழே உட்கார்ந்து ஒரு சுளை எடுத்தாள். அவள் அம்மாவும் என் மகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அவள் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"டீச்சர், நான் வரேன். ஆனா முன்கேட்டுல வர மாட்டேன். காலையில எல்லாரோடயும் சபைகூடல்ல நிக்க மாட்டேன்."

"சரி. கேன்டீன் பக்கத்துக் கேட்டைத் தொறந்து வைக்கச் சொல்றேன்."

"கிளாசுக்கு எப்பப் போறதுன்னு நான்தான் சொல்வேன்."

"நீதான் சொல்லணும். அதுவரைக்கும் என் ரூம்ல உக்காந்து படி."

"அப்புறம்…" என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இந்தப் பாட்டி அங்க வரக் கூடாது."

"சத்தியமா வர மாட்டாங்க" என்றாள் என் மகள். யோசிக்கக்கூட இல்லை. பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வர மாட்டார்கள் என்றுதானே சத்தியம்? திங்கட்கிழமை காலையில் காரின் பின் சீட்டில் நான் படுத்துக் கிடந்ததை யாரும் வருகை என்று சொல்ல முடியாது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி ஓரமாகக் கேன்டீன் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகளெல்லாம் திடலில் நின்று பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கேட் திறந்தே கிடந்தது. என் மகள் அதன் பக்கத்தில் தூணோடு தூணாக நின்றாள். பாட்டு முடிந்தது, பெரிய டீச்சர் மைக்கில் பேசினார். ஒருத்தரையும் காணோம். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முருகா, உனக்குத்தானே குடுத்துச்சு அந்தப் பிள்ளை, கொஞ்சம் தள்ளி விடேன் என்று கேட்டேன்.

மூலையில் ஒரு லோரி திரும்பியது. மணல் லோரி. பள்ளிச் சந்துக்குள் அது வரக்கூடாது, வந்தது. கதவு திறந்து அவள் குதித்தாள். தொப்பி இல்லை. ஒரு விரற்கடை உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. அப்பா இறங்கவில்லை, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் விடுவிடென்று கேட்டுக்குள் போனாள். என் மகள் "வா" என்றுகூடச் சொல்லவில்லை. கூட நடந்தாள், அவ்வளவுதான்.

வீடியோ எடுத்தவர்களை என் மகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாளாம். பக்கத்து அறை டிசிப்ளின் வாத்தியாரிடம் விட்டிருந்தால் காரியம் நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றேன். "அவரு முடிச்சிடுவாரு. அப்புறம் அது அந்தப் பொண்ணு தலையிலதான் விடியும்" என்றாள். அந்தப் பெண் கவுன்சலிங் அறையில் கொஞ்ச நாள் படித்தாள். பிறகு ஒருநாள் தானாகவே எழுந்து, "ஸ்டேப்ளர் வேணும் டீச்சர், கிளாசுல பேப்பர் குத்தணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாளாம். எஸ்.பி.எம். எழுதினாள். முடிவு நன்றாக வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது, அதுவும் மகள் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்ததை வைத்து.

நான் காத்திருந்தேன். ஒரு பழக்கூடை, ஒரு போன், குறைந்தது வாசலில் வந்து காலில் விழுவது, இப்படி ஏதாவது இருக்க வேண்டாமா? ஆசிரியர் தினத்துக்குக் கணக்கு வாத்தியார் கார் டிக்கி மூட முடியாமல் பரிசுப் பொருளை அள்ளிக்கொண்டு போனார். என் மகள் ஒரே ஒரு பேனாவோடு வந்தாள். அதுவும் பள்ளிக்கூடமே எல்லாருக்கும் கொடுத்த பேனா.

பிறகு வந்த ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்தில் நீந்திக்கொண்டிருந்தோம். கொலுசுக் கடை முன்னால் நாலைந்து பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். நடுவில் அவள். தோளைத் தொட்டு முடி. எங்களைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "பாத்தியா! பாத்தும் பாக்காத மாதிரி! இரு, நான் போயி…"

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "வேணாம்மா. கூட இருக்கிறது புது ஃபிரண்ட்ஸ். 'இந்த டீச்சர் யாரு, எப்படித் தெரியும்'னு கேப்பாங்க. அவ என்ன சொல்லுவா?"

"அதுக்காக? ஒரு வணக்கம் கூடவா?"

"தெரிஞ்சவங்க மாதிரி காட்டிக்காம போற அளவுக்கு நல்லா இருக்காம்மா. எனக்கு அது போதும்." முகம் என்னவோ சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் கை என் முழங்கையை இன்னும் விடவில்லை. போதாது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

கையை உதறிக்கொண்டு நேராகக் கொலுசுக் கடைக்குப் போனேன். மகள் பின்னாலேயே ஓடிவந்து, பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் பார்ப்பதுபோல நின்றாள். நான் அந்தக் கும்பலுக்குள் புகுந்து, ஒரு கொலுசை எடுத்து ஆட்டினேன்.

"ஏம்மா பொண்ணு, இது பேத்தி வயசுப் பிள்ளைக்கு நல்லாருக்குமா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் கண் விரிந்தது. பிறகு முகத்தை வெகு மரியாதையாக வைத்துக்கொண்டு, "நல்லாருக்கும் பாட்டி. ஆனா சத்தம் ஓவர். சத்தம் பிடிக்குமா உங்களுக்கு?" என்றாள். வாயின் ஓரம் மட்டும் துடித்தது.

"சத்தந்தான் எனக்குப் பிடிக்கும். நீ எங்க வேல செய்யுறம்மா?"

"படிக்கிறேன் பாட்டி."

"அப்படியா? என்ன படிக்கிற? சத்தமாச் சொல்லு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவள் தலையைத் திருப்பவில்லை. தோரணக் கடைப் பக்கம் ஒரு பார்வைகூடப் போகவில்லை. ஆனால் குரலை மட்டும் நன்றாக உயர்த்தினாள்.

"யூனிவர்சிட்டி கெடச்சிருச்சு பாட்டி! நர்சிங்! அடுத்த மாசம் பினாங்கு போறேன்! அம்மாவும் கூட வந்து விட்டுட்டு வருவாங்க!"

"ஏய், என்னடி இந்தக் கத்து கத்துற" என்று ஒரு தோழி அவளை இடித்தாள்.

"பாட்டிக்குக் காது கேக்கலடி."

"நல்லாப் படிம்மா" என்றேன். "நல்லா இரு."

கொலுசை வைத்துவிட்டு வந்தேன். என் மகள் தோரணக் கடையில், தேவையே இல்லாமல், ஒரு கை நிறைய மாவிலைத் தோரணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் "எத்தன வேணும் அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு அது காதில் விழவில்லை.

காரில் ஏறினாள். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள். "யாரும்மா அந்தப் பொண்ணு?"

"யாருக்குத் தெரியும்?" என்றேன். "சும்மா பேச்சுக் குடுத்தேன்."